ரையாத்தேயா: பொலினீசியர்களின் தாய்வீடு

தென் பசிபிக்கில் பிரெஞ்சு பொலினீசியாவின் தாஹித்தி தீவில் இருக்கும் பாப்பீத்தே நகரிலிருந்து சின்ன விமானம் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரையாத்தேயா. நான் போனது தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் தபுதபுவாத்தேயா என்ற பழைய வழிபாட்டு இடத்தைப் பார்ப்பதற்காக.

கூரை கிடையாது, சுவர் கிடையாது. கருங்கல் பாவிய முற்றம், அதன் ஒரு பக்கத்தில் பவளப்பாறைப் பலகைகளை நட்டு எழுப்பிய நீண்ட மேடை. சில பலகைகள் ஆளுயரத்தையும் தாண்டி நிற்கின்றன. இத்தகைய வழிபாட்டு முற்றத்துக்கு மராயே என்று பெயர். இது ஓரோ என்ற போர்த் தெய்வத்துக்கு உரியது. எதிரே பவளத்திட்டில் ஒரு திறப்பு தெரிகிறது. தூரத் தீவுகளின் படகுகள் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

பொலினீசியர் என்றால் பிரெஞ்சு பொலினீசியாவின் 118 தீவுகளில் வாழ்பவர்கள் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இங்குள்ள பூர்வகுடிகள் தங்களை மாஓஹி என்கிறார்கள். ஆனால் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு என்ற மூன்று முனைகளைக் கோடிட்டு இணைத்தால் வருகிற மாபெரும் முக்கோணம்தான் பொலினீசியா. மாவோரிகள், ஹவாயர்கள், சமோவர்கள், டோங்கர்கள் எல்லோரும் அதில் அடக்கம். 1756இல் ஷார்ல் த ப்ரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பசிபிக் தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. 1831இல் துய்மோன் த்யுர்வில் அதை இன்றைய எல்லைக்குள் கொண்டுவந்தார்.

பெயர் வெளியிலிருந்து வந்தாலும் உறவு உண்மையானது. இதே தீவில் பிறந்த துபாயா என்ற பூசாரி 1769இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் ஏறினார். திசைகளும் தீவுகளும் அவருக்கு மனப்பாடம். நியூசிலாந்து போய்ச் சேர்ந்ததும் அவர் தாஹித்தி மொழியில் பேச, மாவோரிகளுக்குப் புரிந்தது! நடுவே சுமார் 4,000 கிலோமீட்டர் கடல், பல நூறு ஆண்டுப் பிரிவு. இருந்தும் பேச்சு அறுந்துபோகவில்லை. மறு ஆண்டே துபாயா பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயுற்று இறந்தார். இந்த வட்டாரத்தின் வரலாற்றில் எனக்கு அவரைவிடப் பெரிய ஆள் யாருமில்லை.

இத்தனை தூரத்தை வேண்டுமென்றே கடந்திருக்க முடியாது, காற்றில் தடம் மாறி ஒதுங்கியிருப்பார்கள் என்று சொன்ன ஆய்வாளர்கள் உண்டு. அதற்குப் பதில் சொல்வதுபோல, 1976இல் ஹொக்குலேயா என்ற இரட்டை உடல் பாய்மரப் படகு திசைகாட்டி இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹித்திக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓடி வந்தது. நட்சத்திரங்களையும் அலைகளின் போக்கையும் பார்த்து வழிநடத்தியவர் மாவ் பியாய்லுக். அவர் பொலினீசியரே அல்ல, மைக்ரோனீசியாவின் சத்தவால் தீவுக்காரர். ஹவாயில் அந்தக் கலை அதற்குள் மறைந்துபோயிருந்தது. அவரிடம் கற்ற ஹவாயர் நைனோவா தாம்சன், 1980இல் தாமே வழிநடத்தி தாஹித்தி போய்த் திரும்பினார். அப்புறம் 1995இல் ஹவாய், குக் தீவுகள், நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட படகுகள் இந்த முற்றத்தின் முன்னால் ஒன்றுகூடின. 2017இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்குக் கல் மட்டும்தான் தெரியும். மேடைமேல் ஏறாதீர்கள், கற்களைத் தொட்டு நகர்த்தாதீர்கள். இந்த மக்களுக்கு அது இன்றும் புனித இடம்.