தகர டப்பா, 75 நிமிடம்

ஜூன் 5, 2023, திங்கள்

இன்றோடு அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்துக்கு இருபது வயது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே பழைய விடுதி அறைத்தோழனிடமிருந்து செய்தி: “தகர டப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து.” இருவருமே நாற்பதைத் தாண்டிவிட்டோம், பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டுக்கடன் இருக்கிறது. இந்தச் சண்டை மட்டும் ஓயவில்லை.

2003, கல்லூரி திறந்த வாரம். விடுதி அறையில் ஆறேழு பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். முதல் பாட்டு ‘ஃபிரான்டிக்’. டிரம்ஸ் விழுந்ததும் அவன் எழுந்துபோய் ஸ்பீக்கரின் வலையை விரலால் அழுத்திப் பார்த்தான், கிழிந்துவிட்டதோ என்று. கிழியவில்லை. டங், டங், டங். காலி பெயின்ட் டின்னை யாரோ கரண்டியால் அடிப்பதுபோல.

அன்றிரவே அறை இரண்டாகப் பிரிந்தது. ‘லோட்’, ‘ரீலோட்’ என்று இரண்டு ஆல்பங்கள் முடியை வெட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தவர்களுக்கு இப்போதாவது கோபம் வந்ததே என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். இது பாட்டா, பட்டறையா என்று கேட்டவர்கள் மறுபக்கம். நானும் அவனும் பட்டறைக் கட்சி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் கேட்டது நகலெடுத்த குறுந்தகடு. இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர்மீது வழக்குப் போட்டு, 2000 மே மாதம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்ப் பட்டியலை அந்த அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்த குழு இது. “ஏமாற்றிவிட்டார்கள்” என்று அன்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருவர்கூட ஒரு ரூபாய் செலவழித்திருக்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்ஃபோன் போட்டு முழுவதும் கேட்டேன். பதினொரு பாட்டு, 75 நிமிடம். இடையில் இரண்டு முறை தண்ணீர் குடிக்க எழுந்தேன், ஒரு முறை கைப்பேசியில் பள்ளிக் கட்டணம் கட்டினேன். திரும்பி வந்தபோதும் அதே ரிஃப்தான், அதே கிதார்த் துணுக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

இருபது ஆண்டுகளாக எல்லோரும் டங் என்று ஒலிக்கும் அந்த ஸ்நேர் டிரம்மைத் திட்டுகிறோம். இன்று கேட்டதில், மூன்றாவது பாட்டுக்குள் காது அந்த ஓசைக்குப் பழகிவிட்டது. பழகாதது நீளம். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. தலைப்புப் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல். அதில் சொல்ல வேண்டியதெல்லாம் நான்காவது நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது.

நண்பனுக்கு எழுதினேன். “நீ கட்சி மாறிவிட்டாய்” என்று பதில்.

ஜூன் 8, வியாழன்

மாறவில்லை. எனக்கு வேறொரு பழைய கணக்கு இருக்கிறது: சோலோ.

கடனாக வாங்கிய கிதாரில், மெட்டாலிகாவின் கிதார் கலைஞர் கர்க் ஹாமெட் வாசித்த தனி வாசிப்புகளை டேப்பை நிறுத்தி, திருப்பி, மறுபடி நிறுத்தித்தான் விரல் பழகினேன். ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டின் முடிவில் வருவதை முக்கால்வாசி ஒப்பேற்ற எட்டு மாதம் ஆயிற்று. (மீதிக் கால்வாசி இன்னும் வரவில்லை. இனி வராது.) அப்படிப்பட்டவனிடம் 75 நிமிட ஆல்பத்தைக் கொடுத்து, அதில் ஒரு சோலோகூட இல்லை என்றால்? கல்யாண வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டுப் பந்தியை எடுத்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த ஆல்பம் உருவான கதையைப் படமாக்கிய ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ 2004இல் வந்தது. அதில் ஹாமெட் ஒருவர்தான் இதற்காக வாதாடுகிறார். சோலோ வைத்தால் பழைய பாணியாகிவிடும் என்று மற்றவர்கள் சொல்ல, சோலோ இல்லாமல் விட்டால்தான் இந்தக் காலத்து மோஸ்தர் என்று முத்திரை விழும் என்கிறார் அவர். சரியாகச் சொன்னார். ‘செயின்ட் ஆங்கர்’ இன்று 2003ஐத் தாண்டி ஓர் அடிகூட நகராமல் நிற்பதற்கு டப்பாவைவிட அந்த முடிவுதான் காரணம்.

ஜூன் 10, சனி

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது, டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். முழு கிட் வைக்க வீட்டில் இடமில்லை என்பதால் ஸ்நேர் மட்டும் கட்டிலுக்கடியில். அதை இழுத்து எடுத்துக் கவிழ்த்துக் காட்டினான். அடிப்பக்கத் தோலின் குறுக்கே சுருள் சுருளாக மெல்லிய கம்பிகள், இருபது இருக்கும். பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லிவர். அதைத் தூக்கினால் கம்பிகள் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேலே அடித்தால் “சடக்” என்று வெட்டும். இறக்கினால் கம்பிகள் விலகிவிடும்.

இறக்கிவிட்டு அடித்தான். டங்.

சமையலறையிலிருந்து அக்கா, “அங்கே எந்தப் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறீர்கள்?” என்றாள்.

மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் செய்தது இவ்வளவுதான். ஒருநாள் அந்த லிவரைத் தூக்க மறந்திருக்கிறார். பதிவைத் திரும்பக் கேட்டபோது அந்த ஓசை அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. பேட்டிகளில் அவரே சொன்ன கதை. தயாரிப்பாளர் பாப் ராக்கும் தடுக்கவில்லை. ராக் அப்போது பேஸ் கிதாரையும் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தார், பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் 2001 ஜனவரியிலேயே விலகிவிட்டதால்.

மருமகனுக்கு ஆல்பம் பிடித்திருக்கிறது. உண்மையாகவே. “மாமா, இப்போது வருகிற மெட்டல் ஆல்பங்களில் எல்லா அடியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். இதில் ஓர் ஆள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து அடிப்பது தெரிகிறது” என்றான். அதெல்லாம் கணினியில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது என்று சொன்னேன். கொஞ்சம் வாடிப்போனான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 11, ஞாயிறு

நானும் மருமகனும் சேர்ந்து ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ படத்தைப் பார்த்தோம். நான் நாலாவது முறை, அவன் முதல் முறை.

2001 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் வேலை தொடங்குகிறது. ஜூலையில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்த பிறகு பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரைதான் வேலை என்று நிபந்தனை. அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பதிவைப் போட்டுக் கேட்பதுகூட அவருக்குப் பிடிக்கவில்லை. குழுவைச் சேர்த்துவைக்க வந்த ஆலோசகருக்கு மாதம் 40,000 டாலர். அந்தத் தொகையைக் கேட்டதும் மருமகன் படத்தை நிறுத்திவிட்டு ரூபாயில் கணக்குப் போட்டான்.

எனக்குப் பிடித்த இடம் உல்ரிக்கின் அப்பா வரும் காட்சி. டோர்பன் உல்ரிக், டென்மார்க்கின் பழைய டென்னிஸ் வீரர், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. மகன் பெருமையாக ஒரு பதிவைப் போட்டுக்காட்டுகிறார். பெரியவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, என்னைக் கேட்டால் அழித்துவிடு என்கிறார். குரலில் கோபமில்லை, கிண்டலுமில்லை. மகனின் முகத்தைப் பார்க்க வேண்டும். உலகமெங்கும் அரங்குகளை நிரப்பியவர், மதிப்பெண் அட்டையை நீட்டும் பையனாகிவிடுகிறார்.

அந்த இரண்டேகால் மணி நேரப் படத்தில் கத்திரிக்கோல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரை இன்னும் பத்து நாள் அங்கேயே தங்கவைத்திருக்கலாம்.

ஜூன் 14, புதன்

மெட்ரோவில் போகும்போது தோன்றியது: இந்த ரசிகர் கூட்டம் எப்போது சண்டை போடாமல் இருந்தது? 1984இல் ‘ஃபேட் டு பிளாக்’ மெதுவாகத் தொடங்கியதற்கே விலைபோய்விட்டார்கள் என்றவர்கள் உண்டு. 1991இல் கறுப்பு அட்டை ஆல்பத்துக்கு அதே குற்றச்சாட்டு. 1996இல் தலைமுடிக்கே வழக்கு. 2008இல் ‘டெத் மேக்னெடிக்’ வந்தது, சோலோக்கள் திரும்பின, நான் குதித்தேன். ஓசையை அளவுக்கு மீறி உயர்த்திப் பதிவைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போதும் மனு எழுதினார்கள். ‘கிதார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் வந்த பதிவே மேல் என்று அதைத் தேடிக் கேட்டவர்கள் பலர். அந்த விஷயத்தில் மனு எழுதியவர்கள் பக்கம்தான் நியாயம்.

விமர்சகர்கள் மட்டும் ஒத்துப்போனார்களா? ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்துக்கு ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தந்தது, ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் பத்துக்கு 0.8 போட்டது. ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய், தலைப்புப் பாட்டு 2004இல் கிராமி விருதும் வாங்கியது.

2011 அக்டோபர் 30, பெங்களூரு அரண்மனை மைதானம். நானும் அறைத்தோழனும் ரயிலில் போய்ப் பார்த்தோம். இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை. திரும்பும்போது அவன், “பார்த்தாயா, அவர்களுக்கே வெட்கம்” என்றான். எனக்கு என்னவோ ஒன்றாவது வாசித்திருக்கலாம் என்று பட்டது. அப்போது சொல்லவில்லை.

ஜூன் 16, வெள்ளி

ஆல்பத்தோடு ஒரு டிவிடியும் வந்தது என்பதே நகல் வாங்கிய எங்களுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. ஒத்திகை அறையில் எல்லாப் பாட்டையும் நேராக வாசிக்கிறார்கள், 2003 பிப்ரவரியில் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோவின் பேஸோடு. ட்ருஹியோ நண்டுபோல் குனிந்து தரையைப் பார்த்தபடி வாசிக்கிறார். பாட்டுக்கு முதுகெலும்பு முளைத்துவிடுகிறது. மருமகனுக்கு இணைப்பை அனுப்பினேன், வெட்டி ஒட்டியது என்று சொல்லிச் சங்கடப்படுத்தியதற்குப் பரிகாரமாக.

ஜூன் 18, ஞாயிறு

நேற்று இரவு ஒரு காரியம் செய்தேன். கணினியில் உட்கார்ந்து ஆல்பத்தை நானே வெட்டினேன். டங் ஓசையில் கைவைக்கவில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் எடுத்தேன். 75 நிமிடம் 51 ஆயிற்று. விடியற்காலை மூன்று மணிக்குக் கேட்டபோது, இதை இப்படியே வெளியிட்டிருந்தால் இருபது வருடச் சண்டையே வந்திருக்காது என்று தோன்றியது. மூன்று மணிக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றும். இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

(ஏப்ரலில் வந்த புதிய ஆல்பம் ‘72 சீசன்ஸ்’ 77 நிமிடம். அதை வெட்ட எனக்குத் தெம்பில்லை.)

அறைத்தோழன் காலையில் பதில் போட்டான்: “டப்பா அப்படியே இருக்கிறதே.”

மருமகன் மாலையில் நேரிலேயே வந்துவிட்டான். கடைசிப் பாட்டு ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’. அதன் முடிவில் ஹெட்ஃபீல்ட் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தும் இடத்தை நான் அடியோடு எடுத்திருந்தேன். “அதற்காகத்தான் மாமா எட்டு நிமிடம் காத்திருப்பேன். அதை ஏன் எடுத்தீர்கள்?” என்றான். அந்தக் குழு 2017இல் தொடங்கிய அறக்கட்டளைக்கு வைத்த பெயரே அந்தப் பாட்டின் பெயர்தான் என்று வேறு சொன்னான். எனக்கும் தெரியும், வெட்டும்போது ஞாபகம் வரவில்லை.

காபி குடித்துவிட்டு இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம். கத்தும் இடத்தைத் திரும்ப ஒட்டினோம். அவன் அத்தோடு விடவில்லை. தலைப்புப் பாட்டில் இரண்டு இடம், ‘இன்விசிபிள் கிட்’ பாட்டில் ஓரிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டே போனான். அவன் கிளம்பும்போது ஆல்பம் 63 நிமிடத்தில் நின்றது.