கதைக்குத் துட்டு

"ஏல, நான் சொன்ன கதைக்கு என்கிட்டயே துட்டு கேக்கானா?"

முக்கூடல் பெரியம்மை கேட்டாள். மடியில் முறம். கத்தரி பாட்டுக்குப் பீடி இலையை நறுக்கிக்கொண்டிருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வாளர் இதே திண்ணையில் உட்கார்ந்து, ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, கழிவு என்று எத்தனை தள்ளுவார்கள், எல்லாம் எழுதிக்கொண்டு போனார். அந்தக் கட்டுரை ஓர் ஆய்விதழின் இணையதளத்தில் இன்று கண்ணில் பட்டது.

சுருக்கம் மட்டும் இலவசம். மீதிக்கு 39 டாலர்.

2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. திண்ணைக்கு இல்லை. (முனைவர் பட்ட ஆய்வேடுகளாவது சோத்கங்கா இணையதளத்தில் சும்மா கிடைக்கின்றன.)

சரி என்று ஆய்வாளருக்கே மெயில் போட்டேன். பத்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது. தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"கூலியத் தப்பால்லா போட்டிருக்காவ" என்றாள்.