அப்பாவுக்குத் தொற்றாமல் பார்த்துக்கொண்ட கதை

மாரியில் காய்ச்சல் என்றால் மட்டக்களப்பில் முதலில் வருவது டெங்குப் பயம்தான். மகனுக்குத் திடீரென உடம்பு கொதித்துக் கைகால் உளையத் தொடங்கியபோது எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இருமலும் மூக்கடைப்பும் சேர்ந்திருந்ததால் இன்புளுவன்சாவாக இருக்கலாம் என்றார் டொக்டர். ஆனாலும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை, நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும்தான். காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்க வேண்டும். இபுபுரோபன், அஸ்பிரின் கிட்டவே வரக்கூடாது என்றார். டெங்கு என்றால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். இன்புளுவன்சா என்றாலும் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் ஆபத்து. வைரஸ் என்பதால் அன்டிபயோட்டிக்கும் தரவில்லை.

எனக்கு மகனைவிட அப்பாவை நினைத்துத்தான் பயம். ஆரையம்பதியில் அம்மா, அப்பா எங்களோடுதான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சீனி வருத்தமும் உண்டு. மகன் தூங்குவதே அம்மப்பாவின் பக்கத்தில்தான். இன்புளுவன்சா என்றால், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அதனால், "அப்பாவுக்குக் காய்ச்சலோ இருமலோ தொடங்கினால் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கூட்டி வாங்க" என்றார் டொக்டர். இதற்குரிய வைரஸ் மருந்தை முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

அன்றே அப்பாவின் படுக்கை முன் அறைக்குப் போனது. மகனை நான் மட்டும், மாஸ்க் போட்டுக்கொண்டு பார்த்தேன். தட்டு, துவாய் எல்லாம் அவனுக்குத் தனி. கதவுப்பிடி, ரிமோட் போன்றவற்றில் வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் தங்கக்கூடும் என்பதால் அவற்றை அடிக்கடி துடைத்தோம். சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவ வீட்டில் எல்லாருமே பழகிவிட்டார்கள். சண்டை வந்தது சன்னலில்தான்.

"வாடைக்காற்று பட்டா பிள்ளைக்கு இன்னும் கூடும், மகள். பூட்டு."

"பூட்டினா அவன் இருமுற காத்து உள்ளுக்கே நிக்கும், அம்மா."

கட்டிலைக் காற்று படாத மூலைக்குத் தள்ளிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்தோம். மல்லித்தண்ணி, கஞ்சி எல்லாம் அம்மாவின் பொறுப்பு. வேது பிடிக்க மட்டும் நான் விடவில்லை. கொதிநீர் தட்டுப்பட்டுப் பிள்ளைகள் வெந்துபோவது நடக்கிற விஷயம்.

இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் தவணைப் பரீட்சை. காலையில் பனடோல் கொடுத்து அனுப்பு என்று சிலர் சொன்னார்கள். அதை என்னால் ஏற்கவே முடியாது. மருந்து காய்ச்சலை இறக்கும், தொற்றை நிறுத்தாது. அந்த வகுப்பிலும் யாரோ ஒரு பிள்ளை வீட்டில் அம்மப்பாவோடு தூங்கும். மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கடந்து, இருமலும் குறைந்த பிறகுதான் அனுப்பினேன். ஒரு பாடம் தவறியது, பரவாயில்லை.

என் கணவருக்குத் தொற்றியது. அப்பா தப்பினார். வீடு தெளிந்ததும் டொக்டரிடம் கேட்டு அப்பாவுக்கு இன்புளுவன்சா ஊசி போட்டோம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடாவருடம் போட வேண்டும். உடம்பில் வேலை செய்ய இரண்டு கிழமையாவது எடுக்கும். அடுத்த ஊசியை மாரி தொடங்க முன்பே போடுவதாக இருக்கிறோம், இந்த முறை அம்மாவுக்கும் சேர்த்து.