ஒரு மூடி பெற்றோல்

"உங்கட கார் உண்மையான பொன்ரியாக் இல்லை."

சாமான் கடைக் கவுண்டரில் நின்ற பெடியன் இதை ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடுதான் சொன்னான். "அது சரி, உண்மையில் எந்த நாடு?" என்று 27 வருசமாகக் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. என் கையில் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த காஸ்கெட் பெட்டி, எஞ்சின் துண்டுகளுக்கு இடையில் கசியாமல் வைக்கிற தகடுகள். 389 கன அங்குலப் பொன்ரியாக் எஞ்சினுக்கானது. ஒரு ஓட்டைகூட நேருக்கு நேர் வரவில்லை.

என்னுடையது 1966 பாரிசியன். வெளித்தகடு பொன்ரியாக், உள்ளே சேஸ், எஞ்சின், கியர்பெட்டி எல்லாம் செவ்ரோலே. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து காரை இறக்கினால் வரி வெட்டும். கனடாச் சந்தையோ சின்னது, இரண்டு வகை எஞ்சின் செய்ய, இரண்டு பேரிலும் கார் விற்ற ஜெனரல் மோட்டோர்சுக்குக் கட்டாது. அதனால் செவ்ரோலேக்குப் பொன்ரியாக் சட்டையை மாட்டி அனுப்பினார்கள். 1965 ஜனவரியில் இரண்டு நாடும் அந்த வரியை நீக்க வாகன ஒப்பந்தம் போட்டபிறகும் பழக்கம் உடனே விடவில்லை. பழைய ஆக்கள் 'செவியாக்' என்று பகிடி பண்ணுவார்கள். அமெரிக்கப் பொன்ரியாக்கின் அகலச் சேஸ் இதற்கு இல்லை. சில்லுகள் உடம்புக்குள் ஒடுங்கி நிற்கும், அண்ணன்ரை சேட்டைப் போட்ட தம்பி மாதிரி. வாங்கும்போது இது ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகு பாசம்தான் கூடியது.

செவ்ரோலே 283 எஞ்சினின் காஸ்கெட் அந்தக் கடை ராக்கையிலேயே இருந்தது. பெடியனுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை, சொன்னேன்.

கறள் பற்றி நீட்டி எழுதலாம், எழுதினால் அழுகைதான் வரும். சாரதி கால் வைக்கும் இடத்தில் ஓட்டை, அதற்குள்ளால் நிலம் தெரிந்தது. பனிக்கு றோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள் என்று அம்மாவுக்கு விளக்கினேன். கொக்குவிலில் இருந்து வட்ஸ்அப்பில், "உப்பையோ? காலால மிதிக்கவோ?" என்றா. அதற்குமேல் அவவுக்குக் கனடாவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை.

பழையபடி ஆக்குவதோடு நான் நிற்கவில்லை. முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக் பூட்டினேன். 1966இல் வந்த மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நாலு சில்லுக்கும் பிரேக் போய்விடும். அதைக் கழற்றிவிட்டு இரட்டைச் சுற்றுள்ளது போட்டேன். சேஸ் செவ்ரோலே என்பதால் செவ்ரோலேக்கு விற்கிற பிரேக் செற் அப்படியே பொருந்தியது. ஒன்ராறியோவின் பழங்கார் இலக்கத்தகடு, 30 வருசம் கடந்தும் பெரிதாக மாற்றாத வாகனத்துக்குத்தான். எனக்கு அது வேண்டாம். ஊர்வலத்துக்குப் போகவா கார் வைத்திருக்கிறேன்?

இங்கே நன்றாகவே ஊன்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்காபரோவில் வீடு, சொந்தக் கராஜ், பனி வழிக்க மெசின். ஒரு சனிக்கிழமை கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவ ஒரு கலன் மண்ணெண்ணெய் வாங்கிவந்து மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான்.

அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார். கொக்குவில் சந்தியில் ஹயர் ஓடினது. 1990இல் யுத்தத்தோடு இலங்கை அரசாங்கம் பெற்றோலை வடக்குக்கு வராமல் மறித்தபிறகு கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பிடிக்காது, சூடேறினால்தான் ஆவியாகும். ஆகவே முதல் உயிர் பெற்றோலால் கொடுக்கவேண்டும். அப்பாவிடம் ஒரு சின்ன மருந்துப் போத்தல் இருந்தது. அதன் மூடியில் அளந்து, கார்புரேற்றர் வாயில் சொட்டுச் சொட்டாக விடுவார். நான் முன்னால் ஹாண்டில் சுத்தவேண்டும். மூன்று சுத்துக்குள் பிடிக்காவிட்டால் ஒரு மூடி வீண். அப்பாவுக்குக் கோபம் எஞ்சினில் அல்ல, என்னில். பிடித்தால் ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை; அம்மா கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுவா. அந்தப் போத்தலை அப்பா சாமியறையில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில்தான் வைத்தார். கடவுளுக்கு அது குறையாகப் பட்டிருக்காது.

கராஜில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மனிசி வந்து, "மூக்கை அதுக்குள்ள விட்டு என்ன செய்யிறியள்?" என்று கேட்டபிறகுதான் மூடினேன்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஜெனரல் மோட்டோர்சின் ஒஷாவாக் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து இளைப்பாறியவர். 79 வயது. தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். அந்த வயது மனிதரை வெறும் பேரில் எப்படிக் கூப்பிடுவது? ஐயா என்றால் விளங்காது. எனவே எல்லா வசனத்தையும் "ஹலோ" என்றே தொடங்குகிறேன். கார் கதவைத் தடவிப் பார்த்து, "இதை நான் பூட்டியிருக்கவும் கூடும்" என்றார்.

ஸ்ரார்ட் பண்ணின நாளன்று அவரும் நின்றார். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். "பிரேக் சோதிக்க" என்றேன், பிள்ளையார் மன்னிப்பார்.

கார்புரேற்றர் காய்ந்து கிடந்தது. மூடியில் பெற்றோல் எடுத்து வாயில் சொட்டினேன். பிடிக்கவில்லை. திரும்பவும் பாதி மூடி. "தாராளமாக விடு, பெற்றோல் ஸ்ரேசன் அந்த மூலையில்தானே இருக்கு" என்றார் கிழவர். உண்மைதான், நடந்தே போகலாம். கை சாய மறுத்தது. கடைசியில் அவரே போத்தலை வாங்கி மடமடவென்று ஊற்றினார். எனக்கு நெஞ்சு பதறியது.

எட்டுச் சிலிண்டரும் ஒன்றாக உறுமின. தேசிக்காயை மறந்துபோய்ப் போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"என்ன தம்பி, சைலன்சர் கழண்டு போச்சோ?"

"இல்லையம்மா, இதின்ரை சத்தமே இப்பிடித்தான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

"புகையைக் காணேல்லை. பெற்றோலிலயோ ஓடுது?"

"ஓமம்மா."

"முழுக்கவோ?"