மைனஸ் 31

ஜனவரி 4
கனடாவில் சாஸ்கட்டூன் மைனஸ் 31. இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் மத்தியானம் 33. இரண்டும் கைத்தொலைபேசியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. "அந்த நம்பரையே பார்த்துக்கிட்டிருந்தா குளிர் விட்டுருமா?" என்கிறாள் மனைவி.
மகன் தம்பியின் லோரி அங்கே இன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஜனவரி 5
சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைப் பாரு என்றேன். "அது போதாதுப்பா, பிளாக் ஹீட்டர் போடணும்" என்கிறான். இன்ஜினுக்குள் இருக்கும் கூலண்டைக் கரண்டில் சுட வைக்கிற சாமான். சிரிப்பு வந்துவிட்டது. செம்பனைக் குலை ஏற்றிய காலமெல்லாம் மேட்டில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைச் சாக்கால் பிடித்துத் திறந்து, கை வெந்தவன் நான். அங்கே காசு கொடுத்துச் சூடு ஏற்றுகிறார்கள்.

படுத்த பிறகுதான் உறைத்தது. டீசலுக்கு ஸ்பார்க் கிடையாதே. காற்றை நெருக்குவதில் வரும் சூட்டில்தான் பற்ற வேண்டும். இரும்பே ஐஸாகக் கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பு குடித்துவிடும். எண்ணெயும் கெட்டி, பேட்டரியும் சோர்வு. பிள்ளை சொன்னது சரி.

ஜனவரி 6
பழைய இரும்பு வாங்கும் கடை முதலாளி, தவுக்கே, மறுபடி வந்தார். என் பழைய ஹினோ லோரியைச் சுற்றி வந்து டயரை உதைத்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 8
புலனத்தில் படம் அனுப்பியிருந்தான். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் மூடியை, ஃப்ராஸ்ட் பிளக்கை, கழற்றி அந்த ஓட்டையில் ஹீட்டரைச் செருக வேண்டுமாம். பெரிதாக்கிப் பார்த்தால் நம் வெல்ச் பிளக்! எத்தனை துருப்பிடித்து ஒழுகி நடுரோட்டில் என்னை நிறுத்தியிருக்கிறது.

வாயால் சொன்னால் புரியாது என்று பலா மரத்தடிக்குப் போனேன். ஹினோ ஒன்பது வருஷமாக அங்கேதான் நிற்கிறது. உளியை ஓரத்தில் வைத்து ஒரே தட்டு. மூடி ஓட்டைக்குள்ளேயே குறுக்கே திரும்பியது. பிளையரில் பிடித்து இழுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குச்சியால் குத்தியதும் காப்பித்தூள் மாதிரி செம்மண் சேறு, நாற்றத்தோடு. இதைத்தான் பேசி அனுப்பினேன்: "கூலண்ட முழுசா வடிச்சிரு. நடுவுல அடிச்சு உள்ள தள்ளிறாத. ஓட்ட விளிம்ப எமரி போட்டுத் தேய்ச்சு, விரல விட்டுப் பாரு, சொரசொரன்னு இருந்தா ரப்பர் வளையம் உட்காராது."

மூன்று நிமிடம் பேசியிருக்கிறேன். அவனிடம் அவ்வளவு நேரம் எப்போது பேசினேன்?

ஜனவரி 9
மைனஸ் 34. பேசவில்லை. பதினாலு மணி நேர வித்தியாசம்.

ஜனவரி 11
ஈப்போ மருத்துவமனை. நாலு மணி நேரம் நாற்காலி. முடிவு அடுத்த வாரம். தம்பியிடம் மூச்சு விடக்கூடாது என்கிறாள்.
மைனஸ் 30.

ஜனவரி 14
வாசலில் பானை பொங்கியது. வீடியோவில் அவன் பஞ்சாபி நண்பர் வீட்டுக் கராஜில், லோரிக்கு அடியில். ஹீட்டர் உள்ளே போய்விட்டது. போல்ட்டை முறுக்கினால் உள்ளே குறுக்குக் கட்டை இறுகுமாம். ஹீட்டர் கம்பி சிலிண்டர் சுவரைத் தொடாமல் திருப்பி வைத்தாயா என்று கேட்டேன். வைத்தானாம்.

அவள் "பொங்கலோ பொங்கல்" என்று போனுக்குள் கத்தினாள். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா ஏன்ப்பா இப்படி மெலிஞ்சு போயிட்டாங்க?" என்றான்.
"கூலண்ட் ஊத்தாம கரண்ட் கொடுத்திராத, கம்பி கருகிரும்" என்றேன்.

ஜனவரி 15
கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிவிட்டான். அது மைனஸ் 37 வரை தாங்கும். உள்ளே அடைபட்ட காற்றும் எடுத்தாயிற்று, ஒழுகல் இல்லை. ஒயர் முன் கிரில் வழியாகத் தொங்குகிறது, அங்கே எல்லா வண்டிக்கும் அப்படித்தானாம். 120 வோல்ட். நம் 240-ஐ நினைத்து வீணாகப் பயந்தேன்.

தவுக்கே போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜனவரி 16
நாளை காலை எட்டரைக்கு ஈப்போ.

அங்கே விடிகாலை நாலுக்கு டைமர் கரண்டைத் திறக்கும், நமக்கு மாலை ஆறு. ஏழு மணிக்குச் சாவி போடுவான், நமக்கு இரவு ஒன்பது. ஆறு மணிக்கு ஹினோவிடம் போனேன். ஓட்டையில் எறும்பு. பழந்துணி அடைத்துவிட்டு வந்தேன்.

மைனஸ் 33. அவள் விளக்கை அணைக்காமல் தூங்கிவிட்டாள். ஃபைல் தலைமாட்டில்.

எட்டு ஐம்பத்தைந்து.
ஒன்பது ஏழு.