கேப்பர் மலை 22 தடவ

செப்டம்பர் 3, ஞாயிறு

கேப்பர் மலை 22 தடவ. ஏறி எறங்கி ஏறி எறங்கி. ரோட்டோரம் டீக்கடக்காரரு பத்து வரைக்கும் சும்மா பாத்தாரு, பதினஞ்சுக்கு மேல பொறுக்க முடியாம "யம்மா, எதாச்சும் தொலச்சிட்டியா"ன்னு கேட்டாரு. இல்லண்ணா ட்ரெயினிங்னேன். போலீஸ் வேலைக்கான்னாரு. ஆமான்னுட்டேன், 39 வயசுல என்ன போலீஸ் வேல, ஆனா மலேசியாவுல லங்காவி தீவு, அயர்ன்மேன் போட்டி, ஒரே நாள்ல 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம்னு ஆரம்பிச்சா டீ ஆறிடும்.

மலைன்னு பேரு வெச்சவனக் கூப்புடணும். டிவிஎஸ் 50-ல மூணு பேரு உக்காந்து ஏறுற மேடு இது. கடலூர் மாவட்டம் மொத்தமும் தோச மாதிரி தட்டையா கெடக்கு, நான் என்ன பண்றது.

செப்டம்பர் 5

ஆபீஸ்ல புது ஏசி மாட்டிட்டாங்க. ஐயோ.

செப்டம்பர் 8

எல்லாரும் ஏசிக்கு நேரா சீட்டு மாத்திக்கிறாங்க, நான் மட்டும் பின்னாடி பார்சல் ரூமுல போயி உக்காந்துகிட்டேன். ஃபேன் கூட சரியா ஓடாது அங்க. "உனக்கு எதாச்சும் கோவமா"ன்னு கேக்குறாங்க. வெயிலுக்கு ஒடம்பு பழக 10 லேர்ந்து 14 நாள் ஆவும், சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், வேர்வையில உப்பு கம்மியா போவும், ஆனா வுட்டுட்டா ரெண்டு மூணு வாரத்துல எல்லாம் போயிடும். கடலூர்காரிக்கு வெயில் பொறப்புலயே வந்துடும்னு நானும்தான் நெனச்சேன். பகல் பூரா ஏசி, காலையில அஞ்சு மணிக்கு சைக்கிள், இதுல எங்க வெயிலப் பாக்குறோம்?

செப்டம்பர் 9

பார்சல் தராசு சும்மா இருந்துச்சு, ஷூவ எடை போட்டேன். அதோட வுட்ருக்கணும். சாயங்காலம் வீட்டு மெஷின்ல என்னையும் போட்டுப் பாத்தேன், சைக்கிளுக்கு முன்னாடி 61.2, ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து 60.4, நடுவுல அரை லிட்டர் குடிச்சேன், அப்ப வேர்த்தது 1.3 லிட்டர். சைக்கிள் மட்டுமே எட்டு மணி நேரம்னா பத்து லிட்டர், ஒரு பெரிய தண்ணி கேன்ல பாதி. அவ்ளோவையும் திருப்பிக் குடிக்கவும் கூடாது, வெறும் தண்ணியா குடிச்சா ரத்தத்துல சோடியம் எறங்கி மயக்கம் வலிப்பு வரைக்கும் போவும்னு படிச்சதுலேர்ந்து வேற பயம். குடிக்கலன்னாலும் பயம் குடிச்சாலும் பயம். உப்பு மாத்திரை எத்தனன்னு நோட்டுல கணக்கு போட்டுகிட்டே இருக்கேன், பாப்பா அவ ஹோம்வொர்க்க முடிச்சிட்டு தூங்கிட்டா.

செப்டம்பர் 10, ஞாயிறு

தேவனாம்பட்டினம். அஞ்சே முக்காலுக்கு எறங்கினோம். அண்ணன் பைபர் போட்டுல பக்கத்துல வராரு, எஞ்சின அணைச்சிட்டு துடுப்பு போட்டுகிட்டே பீடி. தலையத் தூக்கி கரையப் பாத்துப் பாத்து அடி, இல்லன்னா இலங்கைக்குப் போயிடுவ, போலீஸ் என்னத்தான் புடிக்கும்கிறாரு. 2 கிலோமீட்டர் 58 நிமிஷம். சொறி முட்டை, அதான் ஜெல்லி மீன், இடது கையில உரசிடுச்சு, தடிப்பா செவந்து கெடக்கு.

லங்காவியில நீச்சலுக்கு 2 மணி 20 நிமிஷம்தான், தாண்டினா வெளிய. கணக்குப்படி போதும். போட்டு இல்லாத கடல்ல கணக்கு என்ன சொல்லும்னு தெரியல.

கரையேறி நைட்டிய மேல போட்டுகிட்டு ஓடிவந்து கார்ல உக்காந்தேன். எட்டு பசங்க செல்போன தூக்கி வெச்சிகிட்டு நின்னானுங்க. பாத்துட்டுப் போங்கடா.

அம்மாவுக்கு இன்னும் சொல்லல. சைக்கிள் போட்டின்னு மட்டும் தெரியும். கைத்தடிப்ப பூரான் கடின்னுட்டேன்.

செப்டம்பர் 14

அம்மாவுக்கு எப்படி சொல்றது.

செப்டம்பர் 23, புரட்டாசி முதல் சனி

புத்தி இருக்கா எனக்கு. புரட்டாசி சனிக்கிழம திருவந்திபுரம் பக்கம் யாராச்சும் சைக்கிள் பயிற்சிக்குப் போவாங்களா? மொட்ட போட்ட தலைங்க, வேனு, ஆட்டோ, கோவிந்தா கோவிந்தா. மேட்டுல ஒரு தடவ கூட முழுசா ஏற முடியல. சைக்கிள ஒரு கடையில வுட்டுட்டு ஹயக்ரீவர் மலைப்படி 74-ஐயும் ஷூ இல்லாம ஏறி எறங்கி ஏறி எறங்கி, அஞ்சாவது ரவுண்டுல ஒரு பாட்டி "என்ன வேண்டுதல்மா"ன்னு கேட்டாங்க. 17 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும் பாட்டின்னேன். முடியும்மான்னு துண்ணூறுக்கு பதிலா தீர்த்தம் தெளிச்சாங்க. அவங்களுக்கு என்ன புரிஞ்சுதோ.

புரட்டாசி முழுக்க முட்ட கூட கெடையாது வீட்டுல. பயறு, சுண்டல், பன்னீர், மறுபடி சுண்டல். பின்னாடி வர்ற ஆளுக்கு பாவம்.

அக்டோபர் 1

ஏற்காடு. இவரு கார்ல பின்னாடி வந்தாரு. 20 கொண்டை ஊசி வளைவு. எட்டாவதுல அழுதேன், பதினொண்ணுல சிரிச்சேன், ஏன்னு தெரியாது. பின் சக்கரத்துல 32 பல்லு கேசட், அதான் பல்சக்கரம், போட்டது நல்லதா போச்சு, சீட்டுலேர்ந்து எந்திரிக்காம மெதுவா மிதிச்சா போவுது, அவசரப்பட்டாத்தான் நெஞ்சு அடிக்குது. ஆனா மேல போவப் போவ ஜில்லுனு ஆயிடுது, கடசியில ஸ்வெட்டர் கேட்டேன்! மேடு இருக்குற எடத்துல வெயில் இல்ல, வெயில் இருக்குற எடத்துல மேடு இல்ல. ரெண்டும் ஒண்ணா வரப்போற நாளுக்கு ரெண்டையும் தனித்தனியா படிச்சிட்டுப் போற மாதிரி.

அக்டோபர் 6

தெரிஞ்சிடுச்சு. மீன் கூடைக்கார அக்கா சொல்லிட்டாங்க. புரட்டாசின்னு மீன் வாங்கறதில்ல, அவங்க சும்மா பேசிட்டுப் போவ வந்தாங்க, "உங்க பொண்ணு நல்லா நீந்துதே"ன்னு நல்லதாத்தான் சொன்னாங்க.

அம்மா ஒண்ணும் சொல்லல. சாமி ரூமுல அந்த ரெண்டு போட்டோவையும் எறக்கி தொடச்சிகிட்டு இருந்தாங்க.

அக்டோபர் 7

பேசல.

அக்டோபர் 9

பேசல. சாப்பாடு மட்டும் வெக்கிறாங்க. 2004-லேர்ந்து அம்மா அந்தப் பக்கம் போனதில்ல, பாண்டிக்குப் போனா கூட பஸ்ல மேற்குப் பக்கம் சன்னல்தான். எனக்குத் தெரியாதா. தெரிஞ்சேதான் எறங்கினேன்.

அக்டோபர் 11

கழுத்துல உப்பு பட்டு ஒரசி புண்ணா இருக்கு. ராத்திரி அம்மா வந்து ஒண்ணும் பேசாம தேங்காண்ணெய்ய தடவி வுட்டாங்க. போவும்போது "போட்டு கூட வருமா அங்க"ன்னாங்க. வரும்மா, நெறைய போட்டு, காப்பாத்துற ஆளுங்க பலகை வெச்சிகிட்டு வரிசையா இருப்பாங்கன்னேன். ம். அவ்ளோதான்.

அக்டோபர் 15, ஞாயிறு

மரக்காணம் வரைக்கும் போயி திரும்பினேன், கணக்குக்கு அங்க இங்க சுத்தி 140 கிலோமீட்டர், வேணும்னே ஒம்பது மணிக்குக் கெளம்பினேன் வெயிலுக்காக. பாண்டி ஊருக்குள்ள ட்ராஃபிக்லயே ஒரு பாட்டில் காலி. ஈசிஆர்ல எதிர்காத்து. உப்பளத்துக்கிட்ட நின்னு பாத்தா அங்க வாரி வெச்சிருக்குற உப்பும் என் கருப்பு டீசர்ட்டு மேல பூத்திருக்குற உப்பும் ஒண்ணுதான். ஒரு அம்மா பாத்துட்டு சிரிச்சாங்க, தண்ணி குடுத்தாங்க.

வந்து எறங்கி 8 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டமா அது. நாலாவது கிலோமீட்டர்ல, தெம்புக்கு உறிஞ்சின இனிப்பு ஜெல்லு மொத்தமும் வெளிய வந்துடுச்சு. வெயில்ல ரத்தம் பூரா தோலுக்கும் காலுக்கும் போயிடும், வயித்துக்கு மிச்சம் இருக்காது, அப்ப இனிப்ப கொட்டினா அது எங்க போவும். நீராகாரத்துல உப்பு போட்டுக் குடிச்சதுதான் நின்னுச்சு. பழைய சோத்த ஏர்ப்போர்ட்ல வுடுவானா?

அக்டோபர் 19

தூக்கம் வரல, படிச்சிகிட்டு இருந்தேன். 1978-ல ஹவாயில அயர்ன்மேன் மொத மொதல்ல நடந்தப்ப 15 பேரு ஆரம்பிச்சு 12 பேரு முடிச்சாங்க. ரெண்டாவதா வந்த ஜான் டன்பருக்கு கூட வந்தவங்க கிட்ட தண்ணி தீந்துபோயி பீரக் குடுத்தாங்களாம். அடுத்த வருஷம் ஒரே ஒரு பொண்ணு, லின் லெமேர், மொத்தத்துல அஞ்சாவது. அந்தம்மா வீட்டுல யாருகிட்ட என்ன சொல்லிட்டுப் போச்சோ.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

சைக்கிளுக்கு சந்தனம் குங்குமம், ஹேண்டில்ல செவ்வந்தி. கேசட்டுல குங்குமம் வெக்காதீங்கன்னு கத்துறதுக்குள்ள இவரு வெச்சிட்டாரு. எலுமிச்சம்பழம் நசுக்கணும்னாங்க, 28 எம்எம் டயரு, ஏறி நிக்குது, நசுங்க மாட்டேங்குது. பாப்பா பின்னாடி சீட்ட அழுத்தி நசுக்கினா. நீச்சல் காகில்ஸையும் அம்மா பூஜைத் தட்டுல வெச்சிருந்தாங்க, நான் வெக்கல.

அக்டோபர் 29

மழ. ட்ரெயினிங் கம்மி பண்ணச் சொல்லி அட்டவணையில இருக்கு, கால் சும்மா இருக்க மாட்டேங்குது. தொண்ட கரகரங்குது. இல்ல, கரகரக்கல. கரகரக்குதோ?

நவம்பர் 2

முட்டி வலிக்குது. நேத்து வரைக்கும் இல்ல. இவரு சொல்றாரு பயத்துக்கு முட்டி இருக்குன்னு.

நவம்பர் 6

பெட்டிக்குள்ள சைக்கிள். பெடல கழட்ட இடது பக்கம் திருகு தலகீழுன்னு மறந்துபோயி முக்கா மணி நேரம் இறுக்கிகிட்டே இருந்திருக்கேன். இதுல மெக்கானிக் மாதிரி பேச்சு வேற எனக்கு.

நவம்பர் 9, லங்காவி

ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது இங்க. 31 டிகிரிதான், நம்ம ஊருக்கு இது குளிருன்னு எறங்கினேன், பத்து நிமிஷத்துல சட்ட ஒட்டிகிச்சு. வேர்வ காஞ்சாத்தான் ஒடம்பு ஆறும், இங்க காய மாட்டேங்குது, சொட்டிகிட்டே இருக்கு. பத்து வாரமா நான் படிச்சது வேற பாடமா?

கார்ல சைக்கிள் வழியப் பாத்தோம். எல்லாம் சின்னச் சின்ன மேடுதான், ஆனா ஒண்ணு முடிஞ்ச எடத்துல இன்னொண்ணு. ரோட்டுல கொரங்கு.

நவம்பர் 10

அம்மா போன்ல: "சாப்ட்டியா." சாப்ட்டேன். "தூங்கு."

நவம்பர் 12, தீபாவளி

கால் நகம் ரெண்டு கருப்பா இருக்கு, படுத்துகிட்டே டைப் பண்றேன்.

நீச்சல். நேத்து விடியறதுக்கு ஏழு மணிக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் இருட்டுல மணல்ல நின்னோம். தண்ணி வெதுவெதுன்னு, குளிர் தண்ணிக்குப் போடுற வெட்சூட்டெல்லாம் யாரும் போடல. மொதல் அரை கிலோமீட்டர் ஒருத்தன் என் காலயே புடிச்சிகிட்டு வந்தான். தலையத் தூக்கித் தூக்கி மஞ்ச மிதவையப் பாத்தேன், அண்ணன் பீடி வாசன இல்லாதது ஒரு மாதிரி இருந்துச்சு. திரும்புற எடத்துல கொஞ்சம் தண்ணி வாய்க்குள்ள போயி மூச்சு நின்னு, மல்லாந்து படுத்துகிட்டேன். பலகைல ஒருத்தன் வந்து "ஓகே?"ன்னான். கட்டவிரலக் காட்டினேன். அப்ப யாரு யாரெல்லாம் நெனப்புல வந்தாங்கன்னு இங்க எழுத மாட்டேன். 1 மணி 57.

சைக்கிள் மொத 90 கிலோமீட்டர் ராணி மாதிரி போனேன். மேடெல்லாம் கேப்பர் மலை, கேப்பர் மலை, கேப்பர் மலைன்னு எண்ணிகிட்டே ஏறினேன், வேகமா ஓவர்டேக் பண்ணிப் போனவங்க பாதிப் பேரு அடுத்த மேட்டுல நின்னுகிட்டு இருந்தாங்க. பன்னெண்டு மணிக்கு மேல வெயில் நேரா தலையில. எவ்ளோ ஊத்தினாலும் ஹெல்மெட்டுக்குள்ள சோறு வேவுற மாதிரி. 120-ல ஜெல்லு குமட்டல், 130-ல வாந்தி, அதுக்கப்புறம் உப்பு மாத்திரையும் தண்ணியும் மட்டும் சொட்டுச் சொட்டா. சைக்கிள் முடிக்க ஆரம்பத்துலேர்ந்து பத்தரை மணி நேரம்தான் கணக்கு. 150-லேர்ந்து வாட்ச்ச மட்டும்தான் பாத்தேன், மேடு எத்தனன்னு எண்றத வுட்டுட்டேன். ஒரு கொரங்கு யாரோ போட்ட வாழப்பழத்த உரிச்சுத் தின்னுகிட்டு என்னப் பாத்துச்சு, சத்தியமா பொறாமையா இருந்துச்சு. 23 நிமிஷம் மிச்சம் வெச்சு எறங்கினேன்.

ஓட்டம்னு சொல்லல, நடை. தண்ணி குடுக்குற மேசையில ஒரு பொண்ணு, பேரப் பாத்துட்டு "அக்கா தமிழா"ன்னுச்சு. அங்க கெடா மாநிலத்துப் பக்கமாம். நாளைக்குத் தீபாவளிக்கா, வீட்டுல செஞ்சதுன்னு முறுக்கு ஒடச்சுக் கையில வெச்சுது. இனிப்பு ஜெல்லு உள்ள போவாத வயித்துல அந்த உப்பு முறுக்கு போச்சு. ஒவ்வொரு சுத்துலயும் அந்தப் பொண்ணு எங்கன்னு தேடுறதுதான் வேலை. மூணாவது சுத்துல ஐஸ்ஸ தொப்பிக்குள்ள கொட்டி வுட்டுச்சு, அப்படியே கழுத்து வழியா எறங்கி, அந்த உப்புப் புண்ணு மேல பட்டப்ப

போன் வருது. அம்மா. மீதி அப்புறம்.

நவம்பர் 19

கடலூர். மழ வுடல. 16 மணி 31 நிமிஷம்னு பாப்பா ஸ்கூல்ல சொல்லியிருக்கா, டீச்சர் எதுக்கு இவ்ளோ நேரம்னு கேட்டாங்களாம். ஆபீஸ்ல ஏசிக்கு நேரா சீட்டு வாங்கிட்டேன். ஒரு நகம் வுழுந்துடுச்சு, இன்னொண்ணு ஆடுது.

சைக்கிள் பெட்டி இன்னும் பிரிக்கல, கூடத்துல கெடக்கு, அம்மா அது மேல துணி காயப் போட்டிருக்காங்க.