அஞ்சனாத்ரியில் தீர்ந்த நேர்த்திக்கடன்

என் மகனுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது, கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பான், வாய் மட்டும் திறக்க மாட்டான். ஒரு பக்கம் பேச்சுப் பயிற்சி. இன்னொரு பக்கம் அத்தை, சுந்தர காண்டத்தின் 68 சர்க்கத்தையும் நாளுக்கு ஒன்றாகப் பாராயணம் பண்ண ஆரம்பித்தார். "ராமன் வாயாலேயே சொல்லின் செல்வன்னு பேர் வாங்கினவன் அனுமன். பிள்ளை பேசட்டும், கிஷ்கிந்தைக்கே கூட்டிட்டுப் போய்ப் படி ஏத்துறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியது கிஷ்கிந்தா காண்டத்தின் முடிவில் வரும் ஓர் இடம். கடலைத் தாண்ட வேண்டும். ஒருவன் பத்து யோஜனை என்கிறான், இன்னொருவன் இருபது என்கிறான். அங்கதன் நூறும் தாண்டுவேன், திரும்புவதுதான் சந்தேகம் என்கிறான். அனுமன் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறான். ஜாம்பவான்தான் போய், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்கிறார். மூன்று வேதமும் கல்லாதவன் இப்படிப் பேச முடியாது, இவ்வளவு பேசியும் ஒரு சொல் பிழையில்லை என்று ராமன் வியந்தானே, அதே அனுமன்தான். அவனே பேசாமல் உட்கார்ந்த நேரம் உண்டு! அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் அடுப்படியில் நின்று அழுவேன்.

நாலு வயதுக்குள் பேச்சு வந்தது. இப்போது நிறுத்தத்தான் முடியவில்லை.

திருச்சியிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து இரவு ரயிலில் ஹொசப்பேட்டை. ஹம்பிக்குப் பக்கத்தில், கிஷ்கிந்தை என்று சொல்லப்படும் ஆனேகுந்தியில் இருக்கிறது அனுமன் பிறந்ததாகச் சொல்லும் அஞ்சனாத்ரி மலை; அங்கேதான் பயணம். அனுமன் பிறந்த இடம் திருமலையின் அஞ்சனாத்ரிதான் என்று 2021-இல் தேவஸ்தானம் அறிவித்தபோது, இங்கே வரலாமா அங்கே போகலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அத்தை அசையவில்லை. வாலி ஆண்டதும், சுக்ரீவன் ஒளிந்ததும், ராமன் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்ததும் இந்தத் துங்கபத்திரைக் கரையில்தான் என்றார். ரயிலில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு, அனுமன் இலங்கையிலிருந்து திரும்பிய கதை. கம்பர் பாட்டில் "கண்டனென்" என்பதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல். சீதையை என்று ஆரம்பித்திருந்தால், அடுத்த சொல் வரும்வரை ராமன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

ஆனேகுந்திக்குப் பேசிய ஆட்டோக்காரர் பாதி வழியில் வண்டியை நிறுத்திக் கூடுதலாகக் கேட்டார். அடிவாரத்தில் வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் விடவே இல்லை. சாமி பார்க்க வருகிறவர்களை இப்படிப் பிடுங்குவது பாவம். அதோடு சனிக்கிழமை, தலை தலையாகக் கூட்டம்.

575 படிகள். அத்தை முப்பதாவது படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேண்டிக்கொண்டவர் அவர். அவரைத் துணைக்கு என் கணவரோடு விட்டுவிட்டு நானும் பிள்ளையும் ஏறினோம். பாறை சுட்டது. வாழைப்பழப் பையைக் குரங்கு பறித்துக்கொண்டது; அவர்கள் ஊர், அவர்கள் பழம் என்று விட்டுவிட்டேன்.

மேலே வெள்ளைச் சுவர்க் கோயில். உள்ளே செந்தூரம் பூசிய அனுமார். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னால் நகரச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் மனதில் கட்டி வைத்த பிரார்த்தனை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளை திடீரென்று சத்தமாக, "அனுமாரே, எங்க பாட்டி கீழ உக்காந்திருக்காங்க. கால் வலிக்குது. நீயே போய்ப் பாரு" என்றான். அர்ச்சகருக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, அந்த ஒரு நிமிடம் எங்களை நகரச் சொல்லவில்லை. செந்தூரத்தை அவன் நெற்றியில் வைத்தார். என் கண்ணில் நீர் மறைத்ததால் அப்புறம் அனுமாரை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. ஆஞ்சநேயா, அது போதும் எனக்கு.

வெளியே துங்கபத்திரை, பச்சை வயல், தூரத்தில் விருபாட்சர் கோபுரம் எல்லாம் இருந்தன. நிற்கத் தோன்றவில்லை. அத்தையிடம் போக வேண்டும்.

கடைசி வளைவில் அவர் தலை தெரிந்ததுமே பிள்ளை என் கையை உதறிவிட்டு ஓடினான்.

"பாத்தேன் பாட்டி! அனுமாரைப் பாத்தேன்!"

அத்தை அவனை இழுத்து அணைத்து, அவன் நெற்றிச் செந்தூரத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.